கட்டம் போட்டு வரையுறவன்

முந்தாநாள் அந்த மூன்று நிமிட வீடியோவுக்குக் கீழே நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் பாக்கியசாலிகள், தேடிப் போக வேண்டாம். பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரைப் பற்றிய வீடியோ அது. "வெர்மீர் வரையவே இல்லை, ட்ரேஸ்தான் எடுத்தார், 350 வருஷமா உலகத்தையே ஏமாத்திட்டார்" என்று பின்னணி இசையோடு ஒருவர் கண்டுபிடித்துச் சொல்கிறார். அது போகட்டும், அவருக்கும் வயிறு இருக்கிறது. நான் பொறுமையாக நாலு பத்தி எழுதிப் போட்டதற்கு "காப்பியடிச்சவனுக்கு வக்காலத்தா சார்?" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அதுவும் போகட்டும். அந்த ஒற்றை வரிக்கு ஹாஹா போட்டவர்களில் மூன்று பேர் என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். இரண்டு நாளாக உறுத்துவது அதுதான்.

சரி, ஒருமுறை உரக்கவே சொல்லிவிடுகிறேன். கருவி கோடு காட்டும். வரையாது.

வெர்மீர் ட்ரேஸ் எடுத்ததாகச் சொல்லப்படுவது கேமரா அப்ஸ்கியூராவை வைத்து. ஒரு பக்கம் லென்ஸ் பொருத்திய இருட்டுப்பெட்டி அது, எதிரே இருப்பது உள்ளே தலைகீழாக விழும். முதலில், வெர்மீர் அதை வைத்திருந்தார் என்பதற்கு ஆவணம் எதுவும் கிடையாது. 1675-ல் அவர் இறந்தார். அடுத்த வருடம் அவர் ஊரான டெல்ஃப்டில் அவர் வீட்டுச் சாமான்களைப் பட்டியல் எடுத்தார்கள். இரண்டு ஓவியத் தாங்கி, மூன்று வண்ணத்தட்டு, பத்து கித்தான் என்று எண்ணி எழுதியவர்கள் அப்படி ஒரு பெட்டியைப் பற்றி எழுதவில்லை. ஆனால் சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது. ஒரு படத்தில் முன்னால் உட்கார்ந்திருக்கும் அதிகாரி, எதிரே சிரிக்கும் பெண்ணைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிகிறார். நாமே பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தால் எப்படி வருமோ அப்படி. ஜோசஃப் பென்னல் என்ற அமெரிக்க ஓவியர் 1891-லேயே இதைச் சொல்லிவிட்டார். லென்ஸ் தேய்ப்பதில் கில்லாடியான லேவன்ஹுக் அதே ஊர், அதே வயது. வெர்மீர் இறந்த பிறகு சொத்து விவகாரத்தைக் கவனிக்க நியமிக்கப்பட்டவரும் அவர்தான். ஆக, வெர்மீர் பெட்டிக்குள் பார்த்திருக்கலாம். பார்த்தார் என்றுதான் நானும் நம்புகிறேன். போதுமா? இப்போது சொல்லுங்கள், பார்த்ததால் என்ன குறைந்துவிட்டது?

ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கும் அந்தப் பால் ஊற்றும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். வீடியோக்காரர் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டிய அதே படம். உயரம் 45.5 சென்டிமீட்டர், அகலம் 41. நம் வீட்டுக் காலண்டர் அளவுகூட இருக்காது. மேசையில் ரொட்டி. ரொட்டியின் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். "பாருங்க, லென்ஸ்ல ஃபோகஸ் இல்லாம தெரியுற வெளிச்சப் பொட்டை அப்படியே காப்பி அடிச்சிருக்கார்" என்கிறார். ஐயா, அந்தப் பொட்டு பளபளப்பான பொருளில்தான் விழும். எவர்சில்வர் டம்ளரில் விழும், ஈரமான இலையில் விழும். காய்ந்த ரொட்டியில் எங்கிருந்து விழும்? அந்த மனுஷன் பெட்டியில் எங்கேயோ பார்த்த ஒரு மினுக்கலை மனதில் வாங்கிக்கொண்டு, அது வரவே வாய்ப்பில்லாத இடத்தில், தன் இஷ்டத்துக்கு அள்ளித் தெளித்திருக்கிறார். இதற்குப் பெயர் ட்ரேஸா?

இன்னொன்று. 2022-ல் அந்த அருங்காட்சியகத்தினர் இதே படத்தை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். அவள் தலைக்குப் பின்னால், இப்போது வெறும் சுவராக இருக்கும் இடத்தில், குடுவைகளை மாட்டி வைக்கும் ஒரு மரச்சட்டம் அடியில் தெரிந்தது. கீழே வலது பக்கம் நெருப்புக்கூடை ஒன்று. இரண்டையும் போட்டுவிட்டு, வேண்டாம் என்று மூடியிருக்கிறார். மூடிவிட்டு அந்தச் சுவரில் எதை வரைந்தார் என்று பாருங்கள். ஒரு ஆணி, அதன் நிழல், பிடுங்கிய ஆணிகள் விட்ட ஓட்டைகள். பெட்டி காட்டியதை அப்படியே இழுக்கிறவனுக்கு எதை எடுப்பது எதை விடுவது என்ற தலைவலி எதற்கு? கருவி கோடு காட்டும். மரச்சட்டத்தை எடுத்துவிடு, ஆணியை வை என்று சொல்லாது.

அந்தப் பெண்ணின் வலது கைக்குச் சற்று மேலே கித்தானில் ஒரு ஊசித்துளையும் இருக்கிறது. அவருடைய பத்துக்கும் மேற்பட்ட ஓவியங்களில் இந்தத் துளை உண்டு. கோடுகள் எல்லாம் தூரத்தில் போய்ச் சேருகிற புள்ளியில் ஊசியைக் குத்தி, சுண்ணாம்புப் பொடி தடவிய நூலை அதில் கட்டி, இழுத்துப் பிடித்து டப்பென்று விட்டால் கோடு விழுந்துவிடும். நம் மேஸ்திரிகள் நூல் அடிப்பார்களே, அதேதான். இந்தத் துளையைப் பற்றிப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கருவி இருந்தால் யாரும் வரைந்துவிடலாம் என்கிறவர்களுக்கு ஒரு கதை. கேமரா லூசிடா என்று ஒன்று உண்டு. ஒரு கம்பியின் நுனியில் சின்னப் பட்டகம், அவ்வளவுதான். வொல்லஸ்டன் என்பவர் 1806-ல் காப்புரிமை வாங்கியது. பட்டகத்தின் ஓரத்தில் கண்ணை வைத்தால் எதிரே இருக்கும் மலையும் கீழே இருக்கும் காகிதமும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும், பென்சிலை ஓட்ட வேண்டியதுதான் பாக்கி. 1833 அக்டோபரில் இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் ஒரு ஆங்கிலேயர் இதை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினார். கண்ணை எடுத்துவிட்டுப் பார்த்தால் காகிதத்தில் பரிதாபமான கிறுக்கல். அதற்குப் பத்து வருடம் முன்பு கேமரா அப்ஸ்கியூராவிலும் முயன்று தோற்றவர் அவர். இந்தக் கருவிக்கு முன்கூட்டியே வரையத் தெரிந்திருக்க வேண்டும், எனக்கு அது இல்லை என்று பின்னாளில் அவரே எழுதினார். அவர் ஃபாக்ஸ் டால்பட். பென்சிலே வேண்டாம், படம் தானாகவே காகிதத்தில் ஒட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று அந்த ஏரிக்கரையில் யோசித்ததுதான் அவரைப் புகைப்படத்துக்குக் கொண்டுபோய் விட்டது. கருவி வரைந்து கொடுத்திருந்தால் அவர் ஏன் புகைப்படத்தைத் தேடிப் போகிறார்?

நானும் சும்மா பேசவில்லை. மூன்று வருடம் முன்பு மொட்டைமாடியில் அட்டைப்பெட்டி ஒன்றில் ஓட்டை போட்டு, பூதக்கண்ணாடியைப் பொருத்தி, எதிர்ப்பக்கம் பட்டர் பேப்பர் ஒட்டி, தலைமேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு முருங்கைமரம் தலைகீழாகத் தொங்கியது. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. நான் வாயைப் பிளந்துகொண்டிருந்ததில் பத்து நிமிடம் போனது. பிறகு வரைய ஆரம்பித்தேன். காற்றடித்தால் கிளை நகர்கிறது. நடுவில் தெளிவாக இருந்தால் ஓரம் மங்குகிறது. இலை ஒவ்வொன்றும் பச்சைப் பொட்டாக மினுங்குகிறதே தவிர எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. அந்தப் பச்சைமேல் நான் வைக்கும் பச்சை சரியா என்றும் தெரியாது, ஏனென்றால் விழுகிற வெளிச்சமே பச்சை. நீலத்தை வைத்தால்கூடத் துணியை விலக்கினால்தான் தெரியும். அரை மணி நேரத்தில் வியர்த்து ஊற்றியதுதான் மிச்சம். துணியை எடுத்துப் பார்த்தால் முருங்கைமரம் விளக்குமாறு மாதிரி இருந்தது. வரையத் தெரிந்தவன்தான் நான், குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன்.

இப்போது சிலர் வருவார்கள். "டேவிட் ஹாக்னியே சொல்லியிருக்காரே" என்பார்கள். ஆமாம், அந்த ஆங்கில ஓவியர் சொன்னார். 1999-ல் லண்டனில் பிரெஞ்சு ஓவியர் ஆங்கரின் பென்சில் உருவப்படங்களைப் பார்த்து, இந்தக் கோடு சந்தேகமாக இருக்கிறதே என்று தேட ஆரம்பித்து, இயற்பியலாளர் சார்ல்ஸ் ஃபால்கோவோடு சேர்ந்து பழைய ஓவியர்கள் லென்ஸ் வைத்து வரைந்தார்கள் என்று 2001-ல் பெரிய விவாதத்தையே கிளப்பினார். அதில் பல இடங்களை அறிஞர்கள் மறுத்திருக்கிறார்கள், அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. ஆனால் அவர் பழைய ஓவியர்களைத் திருடர்கள் என்று சொல்லவே இல்லை. லென்ஸ் கோடு போடாது, கைதான் போடும் என்றுதான் சொன்னார். அவரே கேமரா லூசிடாவை வாங்கி வைத்து வரைந்து பார்த்த பிறகு சொன்னது அது. வீடியோவில் முதல் பாதி வந்தது, இரண்டாம் பாதியைக் காணோம்.

"நம்மூர் சிற்பிகள் எந்தக் கருவியும் இல்லாமல் செய்தார்கள், வெள்ளைக்காரனுக்குத்தான் பெட்டி தேவைப்பட்டது" என்று ஒரு பெரியவர் எழுதியிருந்தார். ஐயா, காவி தோய்த்த நூலால் மையக்கோடு அடிக்காமல் எந்த ஸ்தபதி கல்லில் உளி வைக்கிறார்? சிலையின் அங்க அளவுகளைச் சொல்லும் தாலமானக் கணக்கு எதற்கு இருக்கிறது? இன்னும் கிட்டத்தில் வேண்டுமென்றால் மார்கழிக் கோலம் போடுகிற அக்காவிடம் போய், "புள்ளி வெச்சுத்தானே போட்டீங்க" என்று கேட்டுப் பாருங்கள். வாளித் தண்ணீர் தலையில்தான்.

இன்னும் வேடிக்கை ஒன்று. ஹாஹா நண்பர்களில் ஒருவர் மாதம் ஒருமுறை டேனியல்களின் பழைய தமிழ்நாட்டு ஓவியங்களைப் பகிர்ந்து "என்ன கைத்திறன்!" என்று உருகுவார். 1792-லும் 93-லும் இந்தப் பக்கம் சுற்றி வரைந்த ஆங்கிலேய ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் கேமரா அப்ஸ்கியூராவோடு திரிந்தவர்கள். உருகியதை இப்போது வாபஸ் வாங்குவாரா?

அப்புறம் அந்த ஏஐ கேள்வி. "அப்படின்னா ஏஐ-யும் கருவிதானே சார்?" வரும் என்று தெரியும். அதற்குத் தனியாக எழுத வேண்டும், இன்றைக்கு எனக்கு மனநிலை இல்லை. என் பெட்டிக்குள் விழுந்தது எதிரே நின்ற முருங்கைமரம், இன்னொருவன் வரைந்து வைத்த முருங்கைமரம் கிடையாது. அவ்வளவுதான் இப்போதைக்கு.

ஊசித்துளை விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பா திண்டுக்கல்லில் போர்டும் சுவர் விளம்பரமும் எழுதியவர் என்று சிலருக்குத் தெரியும். உருவப்படம் என்றால் சின்ன போட்டோவில் பென்சிலால் அரை அங்குலக் கட்டம் போடுவார். சுவரில் ஒரு அடிக் கட்டம். நீலப்பொடி தடவிய நூலின் ஒரு முனையை நான் பிடிக்க வேண்டும், மறுமுனையை அவர் பிடித்து நடுவில் சுண்டுவார். டப். என் மூக்கெல்லாம் நீலம். ஒரு நகைக்கடைக்காரர் காலமான தன் அப்பாவைப் பக்கவாட்டுச் சுவரில் பத்தடி உயரத்துக்கு வரையச் சொன்னார். 1200 ரூபாய் பேசியது. நாலாம் நாள் கண், மூக்கு எல்லாம் வந்து, தோள் பக்கம் மட்டும் கட்டம் வெறுமனே கிடந்தபோது வந்து நின்று பார்த்தார். "என்னப்பா, கட்டம் போட்டுத்தானா வரையுறே? நான் என்னமோ கையால வரையுறேன்னு நெனச்சேன்" என்றார். எழுநூறுதான் கொடுத்தார். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. எண்ணிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தோளை வரைந்து முடித்தார்.

அதற்குப் பிறகு உருவப்பட வேலை என்றால் விடிகாலை நாலு மணிக்கு என்னை எழுப்பிவிடுவார். டார்ச் வெளிச்சத்தில் நூல் அடிப்போம். ஆட்கள் நடமாடத் தொடங்குவதற்குள் முகத்தின் வெளிக்கோட்டைப் போட்டுவிட்டு, ஈரத்துணியால் நீலத்தைத் துடைத்துவிடுவார். ஏழு மணிக்கு வந்து நிற்கிறவர்கள் "எதையும் பாக்காமலே வரையுறாருய்யா" என்பார்கள். கூலியை யாரும் குறைக்கவில்லை.

வெர்மீர் ஏன் எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஏன் மறைத்தார் என்று கேட்கிறீர்களே, மறைத்தாரா என்பதே எனக்குத் தெரியாது. ஆனால் மறைக்கிறவன் ஏன் மறைக்கிறான் என்று எனக்குத் தெரியும். லண்டன் சயின்ஸ் மியூசியத்தில் ஆங்கில ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸின் கேமரா அப்ஸ்கியூரா இருக்கிறது. மடித்து மூடினால் கனமான புத்தகம் போலத் தெரியும். லண்டன் ஓவியர்களின் சங்கமான ராயல் அகாடமியின் முதல் தலைவர், சர் பட்டம் பெற்றவர். பயண வசதிக்காக அப்படிச் செய்திருக்கலாம். எனக்கு அதைப் பார்த்தால் ஈரத்துணிதான் ஞாபகம் வருகிறது.

பெட்டி வைத்து ஏமாற்றினார் என்றால் வாரம் ஒன்று வரைந்து தள்ளியிருக்கலாமே வெர்மீர். இன்று நமக்குக் கிடைத்திருப்பது முப்பத்தைந்து, முப்பத்தாறு படம். 43 வயதில் செத்தபோது ரொட்டிக்கடையில் மட்டும் அந்நாட்டுப் பணத்தில் 617 கில்டருக்கு மேல் கடன். மனைவி இரண்டு ஓவியத்தை ரொட்டிக்கடைக்காரரிடம் கொடுத்துத்தான் தீர்க்க வேண்டியிருந்தது. ஏமாற்றிப் பிழைத்தவன் குடும்பம் இப்படியா இருக்கும்? இது வாதமே ஆகாது, எனக்கும் தெரியும். ஏமாற்றுக்காரனும் கடன்பட்டுச் சாகலாம். இருந்தாலும் எழுதுகிறேன்.

ஹாஹா போட்ட மூன்று பேருக்கும்: நட்பு நீக்கவில்லை, பயப்பட வேண்டாம். அட்டைப்பெட்டி இன்னும் பரணில்தான் இருக்கிறது, கண்ணாடி உடையவில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் மாடியில் வெயில் நன்றாக விழும். பென்சிலும் பட்டர் பேப்பரும் நானே தருகிறேன். முருங்கைமரத்தில் ஒரே ஒரு கிளை, ஒரே ஒரு கிளை ட்ரேஸ் எடுத்துவிட்டுப் போங்கள். வழக்கம்போல மதியம் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.