உள்ளே ஒட்டிய சீட்டு அசலுக்குச் சான்று ஆகாது

டபுள் பேஸ் என்பது வயலின் போல வில்லால் வாசிக்கும், ஆள் உயரத்துக்கும் மேலான பெரிய தந்திக் கருவி. ‘பழைய டபுள் பேஸின் உள்ளே காஸ்பரோ த சாலோவின் பெயர் அச்சிட்ட சீட்டு இருந்தால் அது அவர் கையால் செய்த அசல்’ என்று ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

காஸ்பரோ (சுமார் 1540–1609) இத்தாலியின் பிரெஷா நகரில் தந்திக் கருவிகள் செய்த மேதை. அவர் செய்ததாகக் கருதப்படும் ஒரு பேஸை வாசித்துப் புகழ்பெற்றவர் டிராகோனெட்டி என்ற இத்தாலியக் கலைஞர். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலும் பொஹீமியாவிலும் (இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதி) மொத்தமாகச் செய்த கருவிகளில் புகழ்பெற்ற இத்தாலியர்களின் பெயர்ச் சீட்டுகளைச் சர்வசாதாரணமாக ஒட்டினார்கள். சீட்டில் ஜெர்மனியில் தயாரானது என்று ஆங்கிலத்தில் இருந்தால், பெரும்பாலும் அது 1890க்குப் பிந்தையது. அமெரிக்க இறக்குமதிச் சட்டம் அப்போதுதான் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியது.

சரி, எதைப் பார்ப்பது? மேற்பலகை மரத்தின் ஆண்டு வளையங்களை ஆராயலாம். கடைசி வளையத்தின் ஆண்டுக்கு முன் அந்தக் கருவி பிறந்திருக்க முடியாது. ஆனால் செய்தவர் யார் என்று வளையம் சொல்லாது. அதற்கு வளைவுகள், மேற்பலகையின் ஒலித்துளைகளை வெட்டிய விதம், வார்னிஷ் எல்லாவற்றையும் பழகிய கண் பார்க்க வேண்டும். அப்புறம், மூன்று தந்தியை நான்காக மாற்றிய தழும்பையோ சிறிதாக வெட்டிய உடலையோ பார்த்துப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். அருமையான பழைய பேஸ்கள் பலவற்றில் இவை உண்டு.