இந்தத் தலைகளைப் பேனுக்கு எழுதிக் கொடுத்தது யார்?

பெரியவள் தலையைச் சுத்தம் செய்து முடித்தால் சின்னவன் சொறிகிறான். அவனைப் பிடித்து உட்கார வைத்தால் இவள் மறுபடி சொறிகிறாள். சரி, நமக்காவது இல்லையே என்று நிமிர்ந்தால் என் காதுக்குப் பின்னால் ஏதோ ஊர்கிறது!

பேனுக்கு இறக்கை கிடையாது, குதிக்கவும் வராது. அப்புறம் எப்படி வீடு முழுக்க ஊர்வலம்? பிள்ளைகள் தலையை முட்டிக்கொண்டு ஒரே போனைப் பார்த்தால் போதும், குடிபெயர்ச்சி முடிந்தது.

பேனையாவது பிடித்துவிடலாம். இந்த ஈர், அதான் பேன் முட்டை, இருக்கிறதே! முடியின் அடியில், தோலை ஒட்டி, என்ன பசை போட்டு ஒட்டுகிறதோ. தண்ணீருக்கு அசையாது, ஷாம்புவுக்கு அசையாது. இரண்டு நகத்துக்கு நடுவில் பிடித்து முடி நுனி வரை உருவினால்தான் வரும். பாதி நேரம் முடியும் சேர்ந்து வரும், கூடவே வீடே அதிரும் அலறல். மருந்து போட்டுப் பேனைக் கொன்றாலும், தப்பித்த ஈர் 7 முதல் 10 நாளுக்குள் பொரித்துவிடும். மறுபடி முதலிலிருந்து!

இதில் அறிவுரை வேறு. “பிள்ளைகள் தலையைச் சுத்தமாக வைக்கக் கூடாதா?” பேன் என்ன அழுக்குப் பார்த்தா வருகிறது? குளித்த தலை, குளிக்காத தலை எல்லாம் அதற்கு ஒன்றுதான். அப்படிக் கேட்ட அம்மணியும் பேசிக்கொண்டே தலையைச் சொறிந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.