தலை குனிந்து எடுத்த படம்

(திருநெல்வேலி. ஞாயிற்றுக்கிழமை பகல் 3 மணி. மொட்டைமாடி. பரமசிவம் கழுத்தில் ஒரு கறுப்புப் பெட்டியைத் தொங்கவிட்டு, அதன் மூடியைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறார். காய்ந்த வடாம் எடுக்க வந்த கோமதி, வந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார்.)

கோமதி: என்ன, வாளி கிணற்றில் விழுந்துவிட்டதா? இப்படி எட்டிப் பார்க்கிறீர்கள்?

பரமசிவம்: கேமரா, கோமதி. லூபிடெல் 2. ரஷ்யாவில், லெனின்கிராடில் செய்தது. இரட்டை லென்ஸ். மேலே இருப்பது பார்ப்பதற்கு. கீழே இருப்பதுதான் படம் பிடிக்கும்.

கோமதி: மேலே ஒன்று வேடிக்கை பார்க்கிறது, கீழே ஒன்று வேலை செய்கிறது. நம் வீட்டு நிலவரத்தை ரஷ்யாக்காரனுக்கு யார் சொன்னது? என்ன விலை?

பரமசிவம்: ரோலிஃபிளெக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. 1929-இல் ஜெர்மனியில் வந்தது. இந்த வகைக்கே ராஜா அதுதான். அதை வாங்க வேண்டுமென்றால்...

கோமதி: ராஜா இருக்கட்டும். இந்தச் சேவகன் என்ன விலை?

பரமசிவம்: 2,800. யாஷிகா மேட் 124ஜி-கூட இதைப்போலப் பல மடங்கு சொல்கிறான். உன் அப்பா கல்யாணத்தைப் படம் எடுத்த ஸ்டூடியோக்காரர் கழுத்தில் தொங்கியது இந்த இனம்தான். ஆல்பத்தில் எல்லாப் படமும் சதுரமாக இருக்கிறதே, கவனித்திருக்கிறாயா?

கோமதி: கவனித்திருக்கிறேன். எல்லாருக்கும் தலையும் இருக்கிறது. அதையும் கவனித்திருக்கிறேன்.

பரமசிவம்: 1955-இலிருந்து 1980 வரை இந்த மாடலை மட்டும் 20 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள்.

கோமதி: 20 லட்சமா? அரிய பொருள் என்று காலையில் அத்தையிடம் சொன்னீர்களே?

பரமசிவம்: நம் தெருவில் அரிய பொருள். சரி, அசையாமல் நில். லூபிடெல் என்றால் ரஷ்ய மொழியில் என்ன பொருள் தெரியுமா? பிழைப்புக்காக இல்லாமல் ஆசைக்காக ஒன்றைச் செய்கிறவன்.

கோமதி: உங்களை நேரில் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பரமசிவம்: கொஞ்சம் வலது பக்கம் தள்ளி நில். ஐயோ, அந்தப் பக்கம் இல்லை. இன்னும் கொஞ்சம். எங்கே போனாய்? ஆளையே காணோம்!

கோமதி: தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிறேன். நீங்கள்தான் அனுப்பினீர்கள்.

பரமசிவம்: மறந்துவிட்டேன். உள்ளே கண்ணாடி வைத்திருக்கிறான். அதனால் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும். நான் வலது என்றால் நீ இடது பக்கம் போ.

கோமதி: நீங்கள் சொல்வதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதானே? இது எனக்குப் பழக்கம்தான்.

(பரமசிவம் நிமிர்ந்து வானத்தை ஆராய்கிறார். குனிந்து லென்ஸைச் சுற்றியுள்ள எண்களை ஆராய்கிறார். மழை வருமா என்று கேட்டால் அடிக்க வருவார் போல இருக்கிறது.)

கோமதி: என்ன யோசனை?

பரமசிவம்: இதில் ஒளியை அளக்கும் மீட்டர் கிடையாது. நாமேதான் கணிக்க வேண்டும். 100 வேக ஃபிலிமுக்கு நல்ல வெயிலில் லென்ஸ் துவார எண் 16, ஷட்டர் திறந்திருப்பது நொடியில் 125-இல் ஒரு பங்கு. இப்போது வெயில் எப்படி என்றுதான் பார்க்கிறேன்.

கோமதி: வடாம் போடுகிறவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வானத்தைக் கேட்கிறீர்களே? அதோ மேற்கே ஒரு மெல்லிய மேகம். இந்த வெயிலில் வடாம் காயும், ஆனால் மொறுமொறுப்பாகக் காயாது. ஒரு படி குறையுங்கள்.

பரமசிவம்: 16-க்கு ஒரு படி கீழே என்றால் 11. சரி, உன் வடாம் பேரில் வைக்கிறேன்.

கோமதி: அந்தச் சிவப்பு ஜன்னல் எதற்கு?

பரமசிவம்: ஃபிலிமின் முதுகில் ஒட்டிய காகிதத்தில் எண் போட்டிருக்கும். அது இதன் வழியாகத் தெரியும். மொத்தம் 12 படம். இப்போது 3 தெரிகிறது பார்.

கோமதி: காலையில் அத்தையை முற்றத்தில் வைத்து எடுத்தபோதும் 3 என்றுதானே சத்தமாகச் சொன்னீர்கள்? அப்படியானால் நான் 4 இல்லையா?

பரமசிவம்: உனக்கு இதெல்லாம் புரியாது. சிரி.

கோமதி: ஃபிலிம் என்ன விலை?

பரமசிவம்: 900.

கோமதி: 12-க்கு 900. படத்துக்கு 75 ரூபாய். இதில் எங்கே சிரிப்பு வரும்?

பரமசிவம்: 6-க்கு 6 சென்டிமீட்டர் நெகட்டிவ், கோமதி! 35 மில்லிமீட்டர் ஃபிலிமைப்போல மூன்றரை மடங்குக்கும் மேல் பரப்பு! உன் புடவையின் இழைகூடத் தெரியும்.

கோமதி: சாயம் போனதும் தெரியுமே. இருங்கள், வேறு கட்டிக்கொண்டு வருகிறேன்.

பரமசிவம்: எடுத்தாயிற்று.

(மூன்று வாரம் கழித்து. சென்னைக்குக் கூரியரில் அனுப்பிய ஃபிலிம், பிரிண்டாகத் திரும்பி வந்திருக்கிறது. பரமசிவம் உறையைப் பிரித்த முகத்தைப் பார்த்தாலே தேர்வு முடிவு தெரிகிறது.)

கோமதி: இது என்ன, இரண்டு படம் முழுக்கக் கறுப்பு?

பரமசிவம்: கழுத்துப் பட்டி கீழ் லென்ஸை மறைத்திருக்கிறது. மேல் லென்ஸில் எல்லாம் பளிச்சென்றுதான் தெரிந்தது.

கோமதி: கீழே நடப்பது மேலே இருப்பவருக்கு எங்கே தெரிகிறது? இது யார், தலையே இல்லை?

பரமசிவம்: எதிர்வீட்டுப் பையன். மேல் லென்ஸுக்கும் கீழ் லென்ஸுக்கும் கொஞ்சம் உயர வித்தியாசம் உண்டு. கிட்டத்தில் எடுத்தால் தலை வெட்டுப்படும். தூரத்தில் சரியாகிவிடும்.

கோமதி: அவன் அம்மாவிடம் அதையே சொல்லுங்கள். என் படம் எங்கே?

(பரமசிவம் ஒரு பிரிண்டை முதுகுக்குப் பின்னால் மறைக்கிறார். கோமதி அதை நிதானமாக வாங்கிக்கொள்கிறார்.)

கோமதி: இது என் புடவை. இது தண்ணீர்த் தொட்டி. சரி, என் தலைமேல் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

பரமசிவம்: அம்மா. காலையில் எடுத்துவிட்டு ஃபிலிமைச் சுற்ற மறந்துவிட்டேன் போலிருக்கிறது. விலை உயர்ந்த கேமராவில் பிடியைச் சுற்றினால்தான் ஷட்டர் ஏறும். இதில் ஷட்டரும் சுருளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை.

கோமதி: நாங்கள்கூடப் பேசிக்கொள்வதில்லை. ஆனாலும் பொருத்தமாகத்தான் வந்திருக்கிறது.

பரமசிவம்: இதைக் கிழித்துப் போட்டுவிடவா?

கோமதி: கிழிக்கிறதா? பெரிதாகப் போட்டு, கண்ணாடிச் சட்டம் அடித்துக் கூடத்தில் மாட்டுங்கள். 22 வருடமாக நான் சொல்லி நீங்கள் நம்பாத ஒன்றை இந்தப் பெட்டி நேரில் பார்த்துவிட்டது.

பரமசிவம்: இன்னொரு விதமாகப் பாரேன். ஒரே படத்தில் இரண்டு பேர். தலைக்கு 37 ரூபாய் 50 காசுதானே ஆகிறது?

கோமதி: இதில் என் தலை எங்கே தெரிகிறது? 75-ஐயும் உங்கள் அம்மாவிடமே வாங்கிக்கொள்ளுங்கள்.