வட கொரியா மீதான ஐ.நா. தடைகள் நீங்கிவிட்டனவா?

ரஷ்யாவின் வீட்டோவால் (தீர்மானத்தைத் தடுக்கும் அதிகாரத்தால்) வட கொரியா மீதான ஐ.நா. தடைகள் முடிவுக்கு வந்துவிட்டன என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது. 2024 மார்ச் 28 அன்று பாதுகாப்பு அவையில் ரஷ்யா தடுத்தது தடைகளை அல்ல. தடைகள் மீறப்படுகின்றனவா என்று 2009 முதல் கண்காணித்துவந்த வல்லுநர் குழுவின் பதவி நீட்டிப்பை மட்டுமே. தடைகளை மீறி நடுக்கடலில் ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு எண்ணெய் மாற்றப்படுவதைப் படங்களோடு பதிவுசெய்த குழு அது. அதன் முடிவு பெரிய இழப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், 2006 அக்டோபரில் முதல் அணுகுண்டுச் சோதனைக்குப் பின் வந்த தடைகளும், சுத்திகரித்த எண்ணெய் இறக்குமதியை ஆண்டுக்கு 5 லட்சம் பீப்பாய்களுக்குள் கட்டுப்படுத்திய 2017 டிசம்பர் தீர்மானமும், ரஷ்யாவும் சீனாவும் ஆதரித்து வாக்களிக்க ஒருமனதாக நிறைவேறியவை. அந்த வீட்டோ அவற்றில் எதையும் நீக்கவில்லை.