மூன்றரைக் கோடி வேலைக்கு யார் கணக்குக் கேட்பது?

பிரதமர் விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனா. 2025 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் இருக்கிற மத்திய அரசுத் திட்டம். ஒதுக்கீடு 99,446 கோடி ரூபாய், இலக்கு இரண்டு ஆண்டில் மூன்றரைக் கோடி வேலை. முதன்முதலாக வேலைக்குச் சேருகிறவருக்கு 15,000 ரூபாய் வரை இரண்டு தவணையில் கிடைக்கும். கூடுதலாக ஆள் எடுக்கும் முதலாளிக்கு ஆளுக்கு மாதம் 3,000 வரை. திட்டம் நல்லதாகவே இருக்கட்டும். அதை நாடாளுமன்றம் எப்படிக் கேள்வி கேட்கிறது என்பதுதான் என் கவலை.

எல்லாமே பி.எஃப். வழியாக நடக்கிறது. இருபது பேராவது வேலை பார்க்கும் இடத்துக்குத்தான் பி.எஃப். கட்டாயம். நம் செட்டிநாட்டு ஆத்தங்குடியில் கண்ணாடியின் மேல் அச்சை வைத்துச் சாயம் ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டுக் கையாலேயே தரைக்கல் செய்யும் சின்னப் பட்டறை இதற்குள் எங்கே வரும்? கண்டாங்கிச் சேலை நெய்கிறவர் வீட்டுத் தறி? பனையோலைக் கொட்டான் கூடை பின்னும் பெண்கள்? கண்டாங்கிக்கும் கொட்டானுக்கும் புவிசார் குறியீடு கொடுத்துப் பெருமைப்பட்டதோடு சரி. இன்னொரு பக்கம், பத்து வருஷம் பி.எஃப். இல்லாமல் வேலை பார்த்த ஒருவர் வேறு கம்பெனியில் சேர்ந்து முதல் தடவை பி.எஃப். எண் வாங்கினால், ஏட்டில் அவரும் 'முதல் வேலைக்காரர்'தான். அது நல்ல விஷயமே. ஆனால் அது புதிதாக உண்டான வேலையா?

தொழிலாளர், ஜவுளி, திறன் மேம்பாட்டுக்கு என்று எம்.பி.க்கள் அடங்கிய ஒரு நிலைக்குழு நாடாளுமன்றத்தில் இருக்கிறது. துறைவாரியான நிலைக்குழுக்கள் வந்தது 1993இல். இவை கதவைச் சாத்திக்கொண்டு கூடுகின்றன. பரிந்துரைக்கு அரசு பதில் தர வேண்டும், ஆனால் அதன்படி நடந்தாக வேண்டியதில்லை. அந்தப் பதிலையும் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. டிவி விவாதத்துக்கு அதில் தீனி இல்லையே!

கேட்காமல் விட்டால் என்ன ஆகும்? 2015இல் தொடங்கிய பிரதமரின் திறன் பயிற்சித் திட்டம் பற்றிய தணிக்கை அறிக்கை 2025 டிசம்பரில்தான் அவைக்கு வந்தது. பயிற்சி பெற்றவர்களின் வங்கிக் கணக்கு விவரம் இருக்க வேண்டிய கட்டத்தில், 90 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்குப் பூஜ்யமோ வெற்றிடமோ. பத்து வருஷம் கழித்து இதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது?

அந்தக் காலத்தில் நம் ஊர்க்காரர்கள் கடல்கடந்து போய் நடத்திய கொண்டுவிற்ற கடைகளில், அதாவது வட்டிக்கடைகளில், வருஷ முடிவில் ஐந்தொகை (வரவு, செலவு, இருப்புக் கணக்கு) எடுப்பார்கள். எவ்வளவு செலவழித்தாய் என்பதோடு முதலாளி நிறுத்திக்கொள்ள மாட்டார். மிஞ்சியது என்ன, வராக்கடன் எவ்வளவு என்று குடைந்து எடுத்துவிடுவார். அவையிலோ 'இத்தனை பேர் பதிவு, இத்தனை கோடி விடுவிப்பு' என்று பதில் வந்தால் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். இதில் எந்தக் கட்சியும் விலக்கு இல்லை.

நிலைக்குழுக்கள் ஆய்வுப் பயணம் போவது வழக்கம்தான். ஒரு தடவை ஆத்தங்குடிக்கும் வரட்டும், பட்டறைக்காரர்களிடம் நேரில் சாட்சியம் வாங்கட்டும்.

கேள்வி நேரத்துக்கு 15 நாள் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். சிவகங்கைத் தொகுதி எம்.பி. அலுவலகத்துக்கு நான் அனுப்பப்போகும் கேள்வி இது, வேண்டுமானால் நீங்களும் அனுப்புங்கள்: "இந்தத் திட்டத்தில் முதல் தவணை வாங்கியவர்களில், பன்னிரண்டு மாதம் கழித்தும் வேலையில் இருப்பவர்கள் எத்தனை பேர்? மாவட்டவாரியாகச் சொல்லவும்."