டங்மார்க்கில் வண்டி மாறச் சொன்னால் அது கொள்ளையா?

அந்த டங்மார்க் வீடியோவை நேற்று இரவுக்குள் ஏழெட்டுப் பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். "நீதானே காஷ்மீர் காஷ்மீர்னு எழுதுவ, இதுக்கு என்ன சொல்ற?" என்று கூடவே ஒரு வரி. பார்க்காதவர்களுக்கு ஒரு வரி: காஷ்மீரில் குல்மார்க் மலைக்கு ஏறும் வழியில் இருக்கும் டங்மார்க்கில், சக்கரத்தில் இரும்புச் செயின் சுற்றிய உள்ளூர் வாடகை வண்டிக்கு மாறச் சொன்னதை 'கொள்ளை' என்கிறார் சுற்றுலா போன ஒரு தம்பி. கடைசி இரண்டு நிமிடம் அந்தத் தம்பி கேமராவைப் பார்த்துக் கத்துகிறாரே, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

பனிக்காலத்தில் டங்மார்க்கில் உங்கள் காரை நிறுத்தி, செயின் போட்ட வண்டிக்கு மாறச் சொல்வது கொள்ளை இல்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் சுமார் 50 கிலோமீட்டர். டங்மார்க் வரை பெரிய சிரமம் கிடையாது. கடைசி 13 கிலோமீட்டர்தான் மலை. மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறி, 2,650 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் விடும். டிசம்பர் 21 வாக்கில் சில்லாய் கலான் தொடங்கும். காஷ்மீரிகள் கணக்கு வைத்திருக்கும் 40 நாள் கடுங்குளிர் அது. அந்த நாட்களில் மரநிழல் விழும் வளைவுகளுக்கு வெயிலே எட்டாது. பகலில் உருகிய தண்ணீர் ராத்திரியில் இறுகி ரோட்டோடு ஒட்டிக்கொள்ளும். பார்த்தால் மழை பெய்து ஈரமான தார் ரோடு போலத்தான் இருக்கும். "ரோட்ல பனியே இல்ல பாருங்க" என்று அந்தத் தம்பி காட்டுவது டங்மார்க் கடைத்தெருவை. மேலே ஏழாவது எட்டாவது கிலோமீட்டரில் என்ன இருக்கிறது என்று அங்கே நின்றால் தெரியாது. தினம் நாலு தடவை ஏறி இறங்குகிறவருக்குத் தெரியும்.

"எங்க வண்டி ஃபோர் வீல் டிரைவ், எதுக்குச் செயின்?" என்று வீடியோவுக்குக் கீழே நூறு பேர் கேட்டிருக்கிறார்கள். நாலு சக்கரமும் சேர்ந்து இழுத்தால் வண்டி ஏறும், சரி. பிரேக் போட்டால்? எந்த வண்டியாக இருந்தாலும் நிறுத்த வேண்டியது அந்த நாலு டயர்தான். குளிரில் சாதாரண டயரின் ரப்பர் விறைத்துப் போகும், பனிக்கட்டியில் அதற்குப் பிடிமானமே இருக்காது. இரும்புச் செயின்தான் அதைக் கடித்துப் பிடிக்கும்.

இது எனக்கும் ஒரு காலத்தில் தெரியாது. அம்மாவை முதல்முறை கூட்டிக்கொண்டு போனபோது ஏறுகையில் செயின் வண்டிதான். அதற்குக் கொடுத்த பணம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. திரும்பும் நாள் நல்ல வெயில். விடுதி வாசலில் இருந்த ஒரு சாதாரணக் காரைக் குறைந்த வாடகைக்குப் பேசி, அம்மாவைப் பின்சீட்டில் உட்கார வைத்தேன். டிரைவர் சின்னப் பையன், தயங்கினான். நான்தான் வற்புறுத்தினேன். பாதி வழியில் ஒரு வளைவு. அவன் வேகமாகக்கூட ஓட்டவில்லை. பிரேக்கை மிதித்ததும் கார் சத்தமே இல்லாமல் பக்கவாட்டில் திரும்ப ஆரம்பித்தது. அந்தச் சத்தமில்லாமைதான் இன்னமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஸ்டியரிங் ஒரு பக்கம், கார் ஒரு பக்கம். ரோட்டோரம் மெஷின் தள்ளி ஒதுக்கிய பனிமேட்டில் பின்பக்கம் மோதி நின்றது. அந்த மேடு இல்லையென்றால் அதற்கப்புறம் சரிவு. அம்மா பின்னாலிருந்து என் தோளைப் பிடித்திருந்தார், சட்டைக்கு மேலேயே நகம் பதிந்திருந்தது.

யாரையாவது கூப்பிடலாம் என்றால் என் போன் பிரீபெய்டு. வெளிமாநில பிரீபெய்டு சிம் அங்கே எடுக்காது. கீழேயிருந்து ஏறி வந்த ஒரு செயின் வண்டிக்காரர், வயது அறுபது இருக்கும், நிறுத்தி இறங்கினார். மண்வெட்டியால் பனியை வெட்டித் தள்ளினார். அப்புறம் இன்னொரு செயினை எடுத்துச் சக்கரத்தின் மேல் விரித்துப் போட்டு, கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் கொக்கிகளை மாட்டினார். உள்பக்கக் கொக்கிக்குக் கை எட்டவில்லை. பனியில் மல்லாந்து படுத்து மாட்டினார். விரலெல்லாம் சிவந்து, நகக்கண்ணில் வெடிப்பு. மாட்டி முடித்ததும் கையை ஃபெரன் என்கிற நீளமான அங்கிக்குள் விட்டு, உள்ளே வைத்திருந்த காங்கிரி என்கிற கனல் சட்டியின் நெருப்பில் காட்டிக்கொண்டார். பிறகு அந்தக் கனல் சட்டியையே வெளியே எடுத்து, "மாஜி, இதை வைத்துக்கொள்ளுங்கள்" என்று நடுங்கிக்கொண்டிருந்த அம்மாவின் மடியில் வைத்தார்.

அந்தக் கைகளைப் பார்த்தவன் நான். என்னிடம் வந்து "கொள்ளைக்காரக் கும்பல்" என்று எழுதினால் எனக்கு வலிக்கும்.

"வாடகை அதிகமாகக் கேட்கிறார்களே?" கேட்கிறவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ரேட்டைப் பெரிய போர்டில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதி வைத்தால் பாதிச் சண்டை நடக்காது. ஆனால் ஒன்று யோசியுங்கள். பனி விலக்கிய இடங்களில் வெறும் தாரில் ஓடும்போது செயின் தேயும், அறும், டயரையும் தின்னும். ஊர்ந்துதான் போக முடியும் என்பதால் டீசல் செலவும் கூடும். இந்தத் தொழில் பனி இருக்கும் சில மாதங்களுக்குத்தான். பனி சரியாக விழாத வருஷத்தில் அதுவும் இல்லை.

இன்னொருவர் "ஸ்விட்சர்லாந்துல இப்படி நடக்குமா?" என்று கேட்டிருக்கிறார். நடக்கிறது. செர்மாட் என்கிற புகழ்பெற்ற பனிச்சறுக்கு ஊருக்குள் உங்கள் பெட்ரோல் கார் போகவே முடியாது. 5 கிலோமீட்டர் முன்னாலேயே டேஷ் என்ற ஊரில் காரை நிறுத்தி, பார்க்கிங்குக்குப் பணம் கட்டி, தனியாக டிக்கெட் எடுத்து 12 நிமிடம் ரயிலில் போக வேண்டும். பனிக்காலம் என்றில்லை, வருஷம் முழுக்க. அங்கே போய்விட்டு வந்து "என்ன ஒழுங்கு, என்ன சுத்தம்" என்று போட்டோ போடுகிறோம். அதே விதியை ஃபெரன் போட்டவர் சொன்னால் மட்டும் ஏன் கொள்ளையாகிறது?

குல்மார்க்கின் காண்டோலா என்கிற கேபிள் காரிலும் இதே கதைதான். இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கு மேலே போகிறது. காற்று பலமாக அடித்தால் நிறுத்தத்தான் வேண்டும். அதற்கும் கவுண்டரில் இருப்பவரோடு சண்டை.

ஸ்லெட்ஜ்காரர்கள் விடாமல் பின்னால் வருவது தொல்லைதான், எனக்கும் கோபம் வந்திருக்கிறது. அதற்காக, எழுபது கிலோ ஆளை உட்கார வைத்துக் கயிற்றைத் தோளில் மாட்டிப் பனியில் இழுக்கிறவரைப் பிச்சைக்காரர் என்று எழுதுவீர்களா? எழுதியிருக்கிறார்கள். பதினைந்து வருஷமாகத் தெரிந்த நண்பர் ஒருவர் "அவனுங்க எல்லாருமே அப்படித்தான்" என்று எழுதியிருக்கிறார். எல்லாருமே என்றால்? 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் கொல்லப்பட்ட 26 பேரில் உள்ளூர்க் குதிரைக்காரர் ஒருவரும் உண்டு. அவரும் இப்படிச் சுற்றுலாக்காரர்கள் பின்னால் நடந்து பிழைத்தவர்தான். அதற்கப்புறம் எத்தனை மாதம் அந்த வண்டிக்காரர்களும் ஸ்லெட்ஜ்காரர்களும் ஆளில்லாமல் காத்துக் கிடந்தார்கள் என்று நினைத்துப் பார்த்தோமா? ரேட்டுக்குப் பேரம் பேசுங்கள், தப்பே இல்லை. ஒரு ஊரையே திருடர்கள் என்று பேச என்னிடம் வராதீர்கள்.

நான் அங்கே யாருக்கும் ஏஜென்ட் இல்லை. அதையும் கேட்டுவிட்டார்கள்.

ஜனவரியில் போகிறோம் என்று இன்பாக்ஸில் சொன்ன இரண்டு குடும்பத்துக்கும்: டங்மார்க்கில் இறங்கியதும் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் சேர்த்து ரேட் பேசிவிடுங்கள். ஒரே வண்டியில் சேர்ந்து போனால் செலவு பாதி. போஸ்ட்பெய்டு சிம் ஒன்றாவது கையில் இருக்கட்டும். இறங்குகிற நாள் எவ்வளவு வெயில் அடித்தாலும் செயின் வண்டியிலேயே இறங்குங்கள். பெரியவர்கள் கூட இருந்தால் அவர்களை நடு சீட்டில் உட்கார வையுங்கள்.