ஏரித் தண்ணீரைக் குடிப்பவர்களும் ஏரியில் இறங்குபவர்களும்

2014 ஆகஸ்ட் 2ஆம் நாள் விடிவதற்கு முன்பே, குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, காய்ச்சியும் குடிக்கக் கூடாது என்று ஒஹையோ மாநிலத்தின் டொலிடோ நகரில் அறிவித்துவிட்டார்கள். எந்தத் தண்ணீரையும் காய்ச்சினால் போதும் என்று கேட்டு வளர்ந்த எனக்கு, எங்கள் குடிநீர் வரும் ஈரி ஏரியின் நீலப்பச்சைப் பாசி விடும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சு காய்ச்சக் காய்ச்சச் செறிவுதான் கூடும் என்பது அன்றுதான் தெரிந்தது. 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் புட்டித் தண்ணீருக்கு அலைந்தோம். தடை நீங்க ஆகஸ்ட் 4 ஆயிற்று.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் ஏரிக்கரை ஆய்வு நிலையங்களும் இளங்கலை மாணவர்களுக்குக் கோடையில் எட்டு முதல் பத்து வாரம் தரும் நன்னீர் ஆய்வுப் பயிற்சியை நான் அந்த மூன்று நாட்களோடு சேர்த்தே நினைக்கிறேன். வயல்களில் இட்ட உரத்தின் பாஸ்பரஸை வசந்த கால மழை மாமீ ஆற்றில் (நம் வீட்டு மாமி அல்ல) கொண்டுவந்து, ஆழம் குறைந்த மேற்கு ஈரியில் சேர்க்கிறது. வெயில் ஏறியதும் பாசி பெருகுகிறது. கல்லூரிக்கு விடுமுறையும் ஏரிக்கு நோயும் ஒரே பருவத்தில் வருவதால், ஆள் தேவைப்படும் நேரத்தில் ஆள் கிடைக்கிறது. வேலை கவர்ச்சியானதன்று. நீரின் தெளிவை அளக்க, கறுப்பும் வெள்ளையுமான செக்கி தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிப்பதும், நீரை வடிகட்டி வடிதாளில் தங்கிய பச்சையத்தை அளப்பதும், மறுவாரம் அதே இடத்துக்குப் படகில் போய் அதையே திரும்பச் செய்வதுமாகக் கோடை கழிந்துவிடும். இறுதி வாரத்தில் ஆய்வு முடிவுகளை எழுதி ஒட்டும் சுவரொட்டியைத்தான் எல்லோரும் படமெடுத்துப் போடுகிறார்கள். மாணவரை ஆய்வாளராக ஆக்குவது அந்தச் சலிப்பான அளவெடுப்பே என்பது என் எண்ணம்.

இவற்றில் பலவற்றுக்கு நிதி தருவது அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987 முதல் நடத்தும் திட்டம். அதில் எனக்கு மிகவும் பிடித்தது, மாணவரிடம் கட்டணம் வாங்காமல் அவருக்கே உதவித்தொகை கொடுப்பதுதான். கோடையில் கடையில் நின்று சம்பாதித்தால்தான் அடுத்த பருவக் கட்டணம் என்றிருக்கும் பிள்ளையை, சம்பளமில்லாத பயிற்சிக்குக் கூப்பிடுவது கூப்பிடாமல் இருப்பதற்குச் சமம். ஆய்வு வசதி இல்லாத சிறிய கல்லூரிகளின் மாணவரையும் சேர்க்க வேண்டும் என்று அத்திட்டம் வற்புறுத்துவதும் சரியானதே.

ஆனால் பண வேலியை அகற்றிய அதே திட்டத்தில் இன்னொரு வேலி இருக்கிறது. அறக்கட்டளையின் நிதியில் பயிற்சி பெற அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ வேண்டும். வரிப்பணம் என்பதால் இந்த விதி என்கிறார்கள்; எச்-1பி விசாவில் வேலை செய்யும் பெற்றோரும் அதே வரியைக் கட்டுகிறார்கள் என்பதை யாரும் பேசுவதில்லை. வேறு நிதியிலிருந்து வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் நிலையங்கள் உண்டு என்றாலும், எச்-1பி ஊழியரின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசாவில் வளர்ந்த பிள்ளைக்கு ஊதிய வேலைக்கு அனுமதியே இல்லாததால் அந்த வழியும் எளிதில் திறப்பதில்லை. கிரீன் கார்டு வரிசையில் பெற்றோர் பல ஆண்டுகள் நிற்க, 21 வயதில் பிள்ளையின் எச்-4 நிலையும் முடிந்துவிடுகிறது.

எங்கள் தெருவில் ஒரு தமிழ்ப் பெண் இருக்கிறாள். திருச்சியில் பிறந்து மூன்று வயதில் இங்கு வந்தவள், 2014இல் புட்டித் தண்ணீரில் பல் துலக்கியவள், இப்போது சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கிறாள். சென்ற குளிர்காலத்தில் கோடைப் பயிற்சிகளுக்கான விண்ணப்பங்களைத் திறந்து, முதல் பக்கத்திலிருந்த தகுதிக் கேள்வியோடு ஒவ்வொன்றாக மூடினாள். இந்த ஏரியின் மீது அவளைவிட உரிமையுள்ளவர் யார் என்று அவளுடைய அப்பா என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. இந்தக் கோடையில் அவள் சனிக்கிழமைதோறும் ஒரு தன்னார்வக் குழுவோடு ஆற்றங்கரையில் நீர் மாதிரி எடுக்கிறாள், காசில்லாமல்.